நீலமுகத் தளபதி

எங்கள் மலையில் தப்பே செய்யாத மனிதர் ஒருவர் இருக்கிறார். அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்து என் அக்கா கட்டிக்கொண்டாள். பெயர் யே குவாங்தாய். புது வருஷக் கூத்தில் ஆடுகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் மரமுகங்களைச் செதுக்குவது தொழில். எங்கள் ஊர் ஷிபூவையும் சேர்த்துச் சுற்றுப்பட்டு எட்டு ஊர்களில், தளபதியானாலும் சரி, தளபதியின் குதிரைக்காரனானாலும் சரி, மூக்கும் புருவமும் இவர் உளிக்கடியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. நான் அவருடைய மச்சினன் லுவோ ஷியூவென். கூத்துக்கு முரசு அடிக்கிறவன். என் அப்பா அடித்தார், அவருடைய அப்பாவும் அடித்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வேறு எதுவும் வராது.

மச்சான் தப்பே செய்யமாட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர்தான் சொல்வார். ஒருமுறை மந்திரி முகத்துக்கு இடது காது வலது காதைவிட இரண்டு விரல் பெரிதாகப் போய்விட்டது. வாங்க வந்தவர்கள் தயங்கித் தயங்கிக் காதைக் காட்டினார்கள்.

"மந்திரி ராஜாவுக்கு எந்தப் பக்கம் நிப்பாரு?" என்று கேட்டார் மச்சான்.

"வலது பக்கம்."

"அப்போ ராஜா பேசுறது மந்திரிக்கு எந்தக் காதுல விழும்?"

அவர்கள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மந்திரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு முறை இளந்தளபதியின் கன்னம் காயும்போது வெடித்துவிட்டது. வெடிப்பில் சிவப்பைத் தடவி, வாள் வெட்டு என்றார். அடுத்த வருஷம் மூன்று ஊர்க்காரர்கள் வந்து எங்களுக்கும் அதே வெட்டு வேண்டும் என்று நின்றார்கள். நல்ல கட்டையை வேலை மெனக்கெட்டுக் கீறிக் கொடுத்தார். அதற்குக் கூலி தனி.

வீட்டிலும் இதே கதைதான். "உன் மச்சான் படியில வழுக்கி விழுந்தா, படிதான் நகர்ந்திருக்கும்டா தம்பி" என்பாள் அக்கா. அக்கா பெயர் சியூலான். செதுக்கிய முகங்களுக்கு உப்புத்தாள் போட்டு, வண்ணம் பூசி, மீசைக்கு முடி ஒட்டுவதெல்லாம் அவள். ஆனால் "யே மாஸ்டர் செய்த முகம்" என்றுதான் எட்டு ஊரிலும் பேச்சு. அவளுடைய இரண்டு கைகளும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், மச்சான் வேலை தெரிந்த மனிதர். எங்களுக்கு இருக்கும் நிலத்தில் முக்கால்வாசி கல், மிச்சத்தில் மக்காச்சோளம். அதை நம்பியிருந்தால் என் அக்கா பெற்ற இரண்டு பெண்களும் டவுனில் படித்திருக்க முடியாது. மழைக்காலம் முடிந்ததும் மலைக்குப் போய்ப் பாப்ளார் மரத்தைத் தட்டிப் பார்த்து வெட்டுவார். கட்டையை நடுவில் பிளந்தால் இரண்டு முகத்துக்கு ஆகும். வாய்ச்சியால் நான்கே போடு போட்டால் மூக்கு எழும்பும். பிறகு உளியும் கொட்டாப்புளியும். உட்புறத்தைக் குடைந்து குடைந்து, தேநீர்க் கிண்ணத்தின் எடைக்குக் கொண்டுவந்துவிடுவார். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு ஆடினாலும் நெற்றி வலிக்காது. அவர் செதுக்கும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை என்பது அக்காவுக்குக் கிடைத்த தனி லாபம்.

இனி விவகாரத்துக்கு வருகிறேன். நடந்து இரண்டு வருஷமாகிறது.

எங்கள் ஊர்ப் பழைய முகங்களைச் செல் அரித்துவிட்டது. இருபத்துநான்கு முகத்துக்கும் மொத்தமாகச் சொல்லிவிட்டோம். அவரவர் வீட்டு முகத்துக்கு அவரவர் காசு. எங்கள் கூத்தில் வேஷம் குடும்பச் சொத்து. அப்பன் கட்டிய முகத்தைத்தான் பிள்ளை கட்டுவான். செம்முகத் தளபதி கு தேமாவ் வீட்டுக்கு. கூத்துக்குத் தலைவரும் அவர்தான். வருஷா வருஷம் ஜெயித்து ஜெயித்து, கடையில் உப்பு வாங்கும்போதுகூட மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். கோரைப் பல்லும் நீல முகமுமான எதிரி ராஜா பாவ் ஷுன்சிங் வீட்டுக்கு. பாவ் அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பதினெட்டு வயதிலிருந்து வருஷா வருஷம் மண்டியிட்டுத் தலை வெட்டுப்படுவது அவர் வேலை. அவர் அப்பாவும் அப்படித்தான் செத்துச் செத்துப் பிழைத்தார். கல்யாண வீட்டில் பாவ் குடும்பத்துக்குக் கடைசிப் பந்தியில்தான் இடம். யாரும் போட்ட சட்டமில்லை. அவர்களே போய் அங்கே உட்கார்ந்துகொள்வார்கள்.

புதுமுகங்களுக்குக் கண் திறப்பு பன்னிரண்டாம் மாதம் இருபத்தாறாம் தேதி காலையில். முகங்களைச் சிவப்புத் துணியில் தனித்தனியாகப் பொதிந்து, முன்னோர் மண்டபத்து மேஜையில் வரிசையாக வைப்பார் மச்சான். சேவல் கொண்டையிலிருந்து ரத்தம் எடுத்துத் துணிமேலேயே பொட்டு வைத்து, "நேற்றுவரை நீ மலையில் மரம், இன்றுமுதல் நீ இன்னார்" என்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் துணியைப் பிரிக்கலாம். பேர் வைக்காத முகத்தை ஊரார் பார்க்கக்கூடாது. பொதிந்து வைத்ததைச் செதுக்கியவர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் அவன் குடும்பத்தோடு கூத்தை விட்டுப் போக வேண்டியதுதான். பேர் வைத்துவிட்டால் அந்த மரம் அந்த ஆள்தான். அதற்கு மேல் யாராலும் மாற்ற முடியாது.

அன்று காலையில் மச்சான் அங்கி மாற்றிக்கொள்ள உள்ளே போனார். மண்டபத்தில் நானும் சேவலும் மட்டும். எனக்குச் சிகரெட் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் சேவலோடு சிகரெட் பற்றவைத்தவன் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சேவல் என் கையை உதறிவிட்டு மேஜைமேல் ஏறி, வரிசையின் முதல் இரண்டு பொதியையும் உதைத்துத் தள்ளியது. கீழே விழுந்தவை தளபதியும் எதிரி ராஜாவும். வெளியே ஆட்களின் பேச்சுச் சத்தம். இரண்டையும் அள்ளினேன். ஒரே கட்டையைப் பிளந்த இரண்டு பாதிகள், ஒரே எடை. துணிக்கு மேலே தடவிப் பார்த்தேன். ஒன்றில் கூராக ஏதோ தட்டுப்பட்டது. தளபதி தலைப்பாகையில் இருக்கும் டிராகன் கொம்பு என்று முடிவு செய்து அதை முதல் இடத்தில் வைத்தேன். அது கோரைப் பல்.

மச்சான் வந்தார். பொதிகளைச் சரிபார்க்கவில்லை. தப்பே செய்யாதவர் எதற்குச் சரிபார்க்க வேண்டும்? ஊரே கூடி நிற்க, முதல் பொதிக்கு ரத்தப் பொட்டு வைத்து, "இன்றுமுதல் நீ ராஜ்ஜியம் காக்கும் மகாதளபதி!" என்று முழங்கித் துணியை உருவினார்.

நீல முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

மச்சானின் கன்னம் ஒருமுறை துடித்ததை நான் பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்தினால் தப்பு என்று ஆகிவிடும். நிறுத்துவாரா? அடுத்த பொதிக்கு நகர்ந்து, "இன்றுமுதல் நீ எல்லை தாண்டி வந்த எதிரி ராஜா!" என்று செம்முகத்தைத் திறந்துவிட்டு, மிச்சம் இருபத்திரண்டையும் அதே குரலில் முடித்தார்.

கு தேமாவ் முகத்தில் ஈயாடவில்லை. "யே மாஸ்டர், இது என்ன கூத்து? என் காசுல செஞ்ச முகம் எதிரியா?"

"நான் கூப்பிட்டேன். எந்த மரத்துக்கு வரணும்னு அவருக்குத் தெரியாதா? அவருக்கு அந்த முகம் புடிச்சிருக்கு."

"தளபதிக்குக் கோரைப் பல்லா?"

"எதிரியைக் கடிக்க வேணாமா?"

பாவ் அண்ணன் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். "மாஸ்டர், ஒரு சந்தேகம். அப்போ இந்த வருஷம் நான் சாக வேண்டாங்களா?"

"ஜெயிக்கணும்" என்றார் மச்சான்.

பாவ் அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி அழுதாள். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அக்கா எனக்குச் சோறு போடும்போது என் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன.

"என்னடா இது?"

"சேவல் ரத்தம்க்கா."

"ரத்தம் கழுவினா போயிடும். இது துணிச் சாயம். அந்தத் துணியை வாங்கினவ நான்."

நான் முள்ளங்கியைத் தேடித் தேடித் தின்றேன்.

"எட்டு ஊர்லயும் சிரிக்கப் போறானுங்கடா. பேரைத் தப்பா வச்சவன்னு ஆயிட்டா நாளைக்கு எவன் வந்து முகம் சொல்லுவான்? ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் மெஷின்ல செதுக்கிட்டு வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கான். நீ போய்ச் சொல்லு."

"நீயே சொல்லேன்க்கா."

"நான் சொன்னா புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றாம்பாங்க. தொட்டவன் வாயால வரணும்."

"சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன்."

"முரசு அடிக்கிறவனுக்கு நேரம் பாக்கவா தெரியாது?" என்றாள்.

நான் சொல்லவில்லை. மூன்று தலைமுறை முரசு என்னோடு போய்விடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்குக் குடும்ப மரியாதை என்று பேர் வைத்தால் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! மச்சானாவது மரத்துக்குத்தான் பேரை மாற்றி வைத்தார்.

முதல் மாதம் ஐந்தாம் தேதி கூத்து. நெல் அடிக்கும் களத்தில் ஆட்டம், மேட்டில் சுற்றிலும் ஜனம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கிற ஆசைதான். கு தேமாவ் சாகச் சம்மதித்துவிட்டார், ஆனால் மண்டியிடமாட்டேன், நின்றுகொண்டே சாவேன் என்று நிபந்தனை. பாவ் அண்ணன் பத்து நாளாகத் தன் வீட்டுப் பன்றிகள் முன்னால் ஜெயித்துப் பழகியிருந்தார்.

ஆட்டம் நன்றாகவே போனது. நீலமுகத் தளபதி பாய்ந்தார். செம்முக எதிரி வேண்டா வெறுப்பாகப் பின்வாங்கினார். கடைசிச் சண்டை. நான் முரசில் முடிவுத் தாளத்துக்கு வந்தேன். மூன்று பெரிய அடி, ஒரு நிறுத்தம், நான்காவது அடி. அந்த நான்காவது அடியில் எதிரி ராஜா மண்டியிடுவது வழக்கம். நாற்பது வருஷமாக பாவ் அண்ணனின் முட்டிகள் அந்த அடியைக் கேட்டுத்தான் மடங்கியிருக்கின்றன. மடங்கிவிட்டன. தளபதி எதிரியின் காலில் மண்டியிட்டார். கு தேமாவுக்கும் நாற்பது வருஷப் பழக்கம். கழுத்து எதிரில் குனிந்ததும் வாள் தானாக இறங்கியது. பாவ் அண்ணன் குப்புற விழுந்து, இரண்டு முறை உதைத்து, மிக நேர்த்தியாகச் செத்தார். அந்த ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச எங்கள் ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

மேட்டில் முதலில் ஒரே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ராஜ்ஜியம் காக்கும் தளபதி செத்துவிட்டார், வருஷத்தின் ஐந்தாம் நாளிலேயே. இனி இந்த ஊரை யார் காப்பது?

அடுத்த பத்து நாளில் எங்கள் ஊரில் நடந்ததெல்லாம் தளபதி செத்ததன் கணக்கில் ஏறியது. கு வீட்டுப் பன்றிக்கு இருமல். ஒருத்தி சோயாப் பால் வடிகட்டும்போது துணி கிழிந்தது. பனிமூட்டத்தில் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். பஸ் எந்த வருஷம் நேரத்துக்கு வந்தது என்று கேட்க ஆளில்லை.

பதினாறாம் தேதி மண்டபத்தில் ஊர் கூடியது. கு தேமாவ் நடுவில் நின்றார்.

"யே மாஸ்டர் கை தப்பாதுன்னு அவரே சொல்லிட்டாரு. அப்போ நீலமுகம்தான் தளபதி. தளபதியா நின்னுக்கிட்டு எதிரி காலுல விழுந்தவன் யாரு? பாவ் ஷுன்சிங். ஊரைக் காட்டிக் குடுத்தவன் குடும்பத்துக்கு இனிமே கூத்துல இடம் கிடையாது. அவன் புள்ளைக்கும் கிடையாது, பேரனுக்கும் கிடையாது. சரிதானே?"

பலர் தலையாட்டினார்கள். பாவ் அண்ணன் எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷமா செத்திருக்கேங்க. ஒரு நாள்ல எப்படிங்க மறக்கும்? முட்டி என் பேச்சைக் கேக்கலைங்க. கடைசிப் பந்தியிலேயே உக்காந்துக்கறேன். எதிரியாவே செத்துக்கறேன். என் புள்ளைகிட்ட இருந்து முகத்தை மட்டும் புடுங்கிடாதீங்க."

எதிர்ப் பக்கத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திரு என்று என் காலுக்குச் சொன்னேன். பாவ் அண்ணனின் முட்டியாவது முரசு சொன்னதைக் கேட்டது.

எழுந்தது மச்சான்.

"கு அண்ணே, உக்காருங்க. அவன் மேல தப்பில்ல." கொஞ்சம் நிறுத்தினார். அந்தச் சொல் அவர் வாயில் புழங்காதது. தடவித் தடவித்தான் வெளியே வந்தது. "தப்பு… என்னுது. பொதியைச் சரியா பாக்காம பேர் கூப்பிட்டுட்டேன். தப்பாக் கூப்பிட்ட பேரு மரத்துல ஒட்டாது. அது தளபதி இல்ல. எதிரிதான் மண்டி போட்டான், எதிரிதான் செத்தான். ஊருக்கு ஒண்ணும் ஆகாது."

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. பாவ் அண்ணன் குழந்தைபோல அழுதார். முப்பது வருஷத்தில் முதல் முறையாக மச்சான் தப்பை ஒத்துக்கொண்டார், அதுவும் இல்லாத தப்பை. அதைப் பார்த்த பிறகுதான் என் கால்களுக்கு உயிர் வந்தது.

"அவரு பண்ணலை!" என்று கத்தினேன். "நான்தான் பொதியைத் தொட்டேன். சேவல் தள்ளிவிட்டுச்சு, நான் எடுத்து மாத்தி வச்சுட்டேன். அவருக்கு எதுவும் தெரியாது!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கு தேமாவ் மெல்ல வந்து என் தோளில் கை போட்டார்.

"பாத்தீங்களா? அக்கா புருஷனுக்காகத் தன் முரசையே விட்டுக் குடுக்கத் துணிஞ்சுட்டான். மனுஷன்னா இவன் மனுஷன்!"

"நெசமாத்தான் சொல்றேன்! அக்காவைக் கேளுங்க! என் கையில சாயத்தை அவ பாத்தா!"

"அக்கா வேற என்ன சொல்லுவா?" என்று யாரோ சிரித்தார்கள். "நெசமா இருந்தா இருபது நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

என்னை உட்காரவைத்து, மக்காச்சோளச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் இந்தச் சேதி எட்டு ஊருக்கும் போய்விட்டது: பேரை மாற்றி வைத்த யே மாஸ்டர், பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்த உத்தமன் லுவோ. கல்யாண வீடுகளில் இப்போது எனக்கு முதல் பந்தி. வேண்டாம் என்றால் அடக்கம் என்று இன்னும் புகழ்கிறார்கள்.

மச்சானுக்கு அதற்குப் பிறகு ஒரு முகமும் வரவில்லை. எங்கள் ஊர்த் தளபதி, எதிரி இரண்டு முகத்தையும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மெஷின்காரனே புதிதாகச் செய்து பேர் வைத்தான். எட்டு ஊரும் அவனிடம் போய்விட்டன. அவன் முகங்கள் கனம். பாவ் அண்ணன் பையன் ஆடி முடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொள்கிறான். மச்சான் அருவிக்குப் போகிற பாதையில் இருக்கும் கடைகளுக்குக் குரங்கு செதுக்குகிறார். கண்ணை மூடிய குரங்கு, காதை மூடிய குரங்கு, வாயை மூடிய குரங்கு. பெரிய பெண்ணின் கடைசி வருஷப் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. அக்கா என்னோடு பேசுகிறாள், சோறும் போடுகிறாள், கண்ணைப் பார்ப்பதில்லை.

போன மாதம் குரங்குக் கட்டை பிளக்க ஒரு ஆள் வேண்டும் என்று மச்சான் கூப்பிட்டார். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். கோடாலியை ஓங்கியவர் இறக்காமல் என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, அன்னைக்கு மண்டபத்துல சொன்னியே. எனக்காகச் சொன்னியா, நெசமாவே நீதானா?"

இரண்டு வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். திட்டட்டும், கோடாலியைக் கையிலேயே போடட்டும் என்று நினைத்தேன்.

"நான்தான் மச்சான்."

"சத்தியமா?"

"எங்கப்பா முரசு மேல சத்தியமா."

அவர் கோடாலியைக் கீழே வைத்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மந்திரி முகம் வாங்க வந்தவர்களிடம் காதுக்குக் காரணம் சொன்ன காலத்தில்கூட அந்த முகத்தில் இத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏய் சியூலான்! கேட்டியா? நான் தப்புப் பண்ணலையாம்டீ!"

உள்ளே அக்கா முள்ளங்கி நறுக்குகிற சத்தம் நிற்காமல் கேட்டது. அவர் கோடாலியை எடுத்துக் கட்டையை ஒரே போடில் இரண்டாகப் பிளந்தார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே குரங்கு செதுக்கினார். நான் எதிரில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே, அவருக்குக் கட்டையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.